தமிழில் பௌத்தம் படிப்பித்த என் அக்காவுக்கு

என் பவளக்காவுக்கு, போன இடத்திலும் யாரையாவது நிமிர்ந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு,

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி புதிய அதிபர் கேட்டிருந்தார். "பவளம் ரீச்சர் பிறந்தா, படிச்சா, படிப்பிச்சா எண்டு ஒரு பக்கம் காணும்" என்றார். அப்படி எழுதப் பேனை ஓடவில்லை. உங்களோடு நேரே கதைக்கத்தான் வருகிறது. மற்றவர்களும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். நீங்கள் எப்போது சத்தத்தைக் குறைத்துக் கதைத்தீர்கள்?

சுதந்திரம் கிடைத்த புதிதில் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வந்தார். கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் பூசும் வேலை. ஊரில் கிணற்றடிக்குக்கூடச் சாதி பார்த்தார்கள். துறைமுகத்தில் எல்லாரும் ஒன்றுதான் என்று நம்பி வந்த மனிதர். உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே அந்த நம்பிக்கை போனது. அப்பாவின் ஊரையும் குலத்தையும் விசாரித்த வாத்தியார், உங்களை வாங்கிலிருந்து எழுப்பித் தரையில் இருக்கச் சொன்னார். நான் அப்போது கைக்குழந்தை. அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் அழவில்லையாம். "நான் இனி அங்க போகமாட்டன். வேற பள்ளிக்கூடம் பாருங்கோ" என்று மட்டும் சொன்னீர்களாம்.

அப்பாவோடு வேலை செய்த ஒரு சிங்களவர், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த விகாரைக்கு அப்பாவையும் உங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வயதான பிக்கு மாலையில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "மகள் இங்க இருங்க. இந்த வாங்கில ஆருக்கும் பேர் எழுதி இல்ல" என்றாராம். பிறகு அவரே நாலு பேரிடம் பேசி, பகலில் படிக்க வேறொரு பள்ளிக்கூடத்தில் இடமும் எடுத்துத் தந்தார்.

அப்பா பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானது அந்த வருடம்தான். அம்மா முருகனை விடவில்லை. ஒரே சுவரில் இரண்டு படம், ஒரே தட்டில் இரண்டு பேருக்கும் பூ. ஊரில் இருந்து வந்த பெரியப்பா, "நீ சிங்களவனாகிட்டாய்" என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே எழும்பினார். "அண்ணை, புத்தருக்கே சிங்களம் தெரியுமோ எண்டு எனக்குச் சந்தேகம்" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே உங்களுக்கு வந்தது. எனக்கு வரவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஏக்கம்.

நீங்கள் பயிற்சிக் கலாசாலை முடித்துக் கணித ஆசிரியையாக நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துவிட்டது. தரையில் இருக்கச் சொல்ல இனி யாருக்கும் துணிவில்லை. பிறகு புதிய பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படிக்க வேண்டும், சோதனையும் எழுத வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சமய பாடம் தொடங்கியதும் ஏழெட்டுப் பிள்ளைகள் வெளி விறாந்தையில் போய் நின்றார்கள். அப்பாவைப் போலப் பௌத்தரான துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகள் சிலர். உப்புவெளியில் சிங்கள மீனவருக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த சுஜாதா ஒருத்தி. தமிழில் படிக்கும் பௌத்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன படிப்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதைய அதிபர் பொல்லாதவர் இல்லை. சுலபமான வழி பார்த்தார், அவ்வளவுதான்.

"ரீச்சர், இதுகளைச் சைவத்தில போடுவம். இல்லாட்டி சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவம்."

"சேர், அதுகளின்ர சமயத்தையும் மாத்த ஏலாது, பாஷையையும் மாத்த ஏலாது."

"அப்ப ஆர் படிப்பிக்கிறது?"

"நான் படிப்பிக்கிறன்."

இடம் கிடைக்கவில்லை. அதற்கும் ஒருவர் வந்தார். கிண்ணியாவிலிருந்து வந்து இஸ்லாம் படிப்பித்த ராவியா ரீச்சர், தன் வகுப்பறையில் பாதியைக் கொடுத்தார். "நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சத்தம் போடாம ரெண்டு பேரும் படிப்பிப்பம்" என்றார். சத்தம் போட்டது எப்போதும் நீங்கள்தானாம். போன கிழமைகூட ராவியா ரீச்சர் சொல்லிச் சிரித்தார்.

புத்தகமும் இல்லை. நீங்கள் விகாரையில் இருந்து சிங்களப் புத்தகத்தைக் கொண்டுவந்து, குசினியில் அரிசி கொதிக்கக் கொதிக்கத் தமிழாக்கிச் சொன்னீர்கள். நான் தட்டெழுதினேன். "துன்பம் எண்டு போடாதை, துக்கம் எண்டு போடு" என்று ஒரு சொல்லுக்காக முழுத்தாளையும் திரும்ப அடிக்க வைத்தீர்கள்.

சோதனைக்கு அனுமதி கேட்டுக் கல்விக் கந்தோருக்குப் போனபோது நானும் வந்தனான். அங்கிருந்த சிங்கள அதிகாரி கதிரையைக் காட்டி மரியாதையாகவே பேசினார். "தமிழில் பௌத்தமா? அப்படி ஒன்று இருந்ததே இல்லையே, மிஸ்" என்றார். நீங்கள் அவருடைய மொழியிலேயே, "இருந்தது. வருகிற பௌர்ணமிக்குப் பிள்ளைகளை ஒரு பழைய விகாரைக்குக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்றீர்கள். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் அந்தப் பழைய விகாரைக்கு எல்லாரும் போனோம். ராவியா ரீச்சரும் ஒரு சட்டி நிறையச் சோறோடு வந்தார். செங்கல் சுவர்களின் பக்கத்தில் சோழர் காலத்துக் கற்கள். அவற்றில் புள்ளியே வைக்காத தமிழ் எழுத்துகள். பிள்ளைகள் முழங்காலில் நின்று விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினார்கள். "பள்ளி" என்ற சொல்லை முதலில் வாசித்தது சுஜாதாதான்.

"பள்ளிக்கூடமோ ரீச்சர்?"

"அப்ப புத்தரைக் கும்பிட்ட இடத்துக்கும் பள்ளி எண்டுதான் பேர்" என்றீர்கள்.

ராவியா ரீச்சர் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நாங்க தொழுற இடமும் பள்ளிதானே" என்றார்.

"அப்ப எங்களைப் போல ஆக்கள் அந்தக் காலமே இருந்தவையோ?" என்று சுஜாதா கேட்டாள்.

"ஓம். இந்த இடத்தில விளக்கு எரிய நெய் வேணுமெண்டு மாடு குடுத்திருக்கினம். தங்கட பேரைத் தமிழில வெட்டி வைச்சிருக்கினம்."

அதிகாரிக்கு நீங்கள் அதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். அவர் கல்லின் முன்னால் குனிந்து கனநேரம் பார்த்தார். பிறகு, "நான் கொழும்போடு பேசுகிறேன்" என்றார். பேசினார். ஆனால் ஒரு பேச்சில் நடந்த காரியம் இல்லை. எத்தனையோ தரம் நீங்கள் இரவு றெயில் ஏறினீர்கள். கடைசியில், பிள்ளைகள் பௌத்தத்தைத் தமிழில் எழுதலாம் என்று அனுமதி வந்தது. எழுதிய பிள்ளைகள் எல்லாரும் சித்தியடைந்தார்கள். அன்றைக்கு அப்பா பழைய பெயின்ற் உடுப்போடே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, உங்கள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொன்ன பிறகும் நீங்கள் வகுப்பை விடவில்லை. ஏலாமல் போன பிறகுதான் கட்டிலில் படுத்தீர்கள். உங்கள் செத்தவீட்டில் பிக்குமார் பிரித் ஓதினார்கள். அவர்கள் முடித்ததும் அம்மாவின் ஆட்கள் தேவாரம் பாடினார்கள். அன்றைக்குப் பெரியப்பா வந்து, எல்லாம் முடியும்வரை இருந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். அது உங்களுக்குத் தெரிந்திருக்குமா அக்கா?

இப்போது திருகோணமலை ரவுணில் கதை அவ்வளவு நல்லாயில்லை. நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று யோசிக்கிறேன். எனக்குச் சட்டென்று ஒன்றும் வருவதில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டு போவதுமில்லை.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை சுஜாதா ஆசிரியையாக நம் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டாள். பாடம் பௌத்தம், தமிழ் மொழி மூலம். முதல் நாள் சேலையைச் சரிபார்க்கக் கண்ணாடி தேடி ஓடினாளாம். பிறகு வகுப்புக்குள் போன கையோடு, பின்னால் கூனிக்கொண்டிருந்த பெடியனை அதட்டியிருக்கிறாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்?

குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் இரண்டு குடும்பம், தங்கள் பிள்ளைகளுக்கும் வகுப்பு வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறது. போக வர ஒரு நாள் போய்விடும். சுஜாதா தனியாகப் போக யோசித்தாள். நான் கூடப் போவதாகச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை மூதூர் லாஞ்சில் ஏறுகிறோம். கடல் எப்படியிருந்தாலும் போவோம், அக்கா. அந்தப் பிள்ளைகள் சோதனை எழுதும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் போவோம்.

உங்கள் குரல் இல்லாவிட்டாலும் உங்கள் பிடிவாதம் உள்ள,
தங்கச்சி மணி