விரிப்பில்லாமல் விற்ற கிட்டார்

அக்டோபர் 4

என் பெடல் ஸ்டீல் கிட்டாரை மருமகன் விற்றுவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டி ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிட்டார், அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி, உட்காரும் முக்காலி எல்லாவற்றையும் பழைய இசைக்கருவிக் கடைக்கு வண்டி ஏற்றிவிட்டிருக்கிறான். இன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் கிட்டார் நின்ற இடத்தில் மடக்குக் கட்டில்.

"மாமா, முட்டியால லீவரைத் தள்ளுற வேலையெல்லாம் இனிமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அது கண்ணு முன்னால நின்னா நீங்க சும்மா இருப்பீங்களா? அதான்."

நல்ல மனதுக்காரன். நல்ல மனதோடு கழுத்தை அறுத்திருக்கிறான். முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, நீங்க என்பேன். இந்த நோட்டில் இனிமேல் அவன்தான்.

அக்டோபர் 5

இரண்டு வேளை சாப்பிடவில்லை. "யாருக்குப்பா நஷ்டம்?" என்றாள் மகள். மூன்றாம் வேளை சாப்பிட்டேன்.

அக்டோபர் 7

ஊன்றுகோலோடு ஆட்டோவில் கடைக்குப் போனேன். கிட்டார் வந்த அன்றைக்கே ஆம்போடு போய்விட்டதாம். வாங்கியவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஓய்வு நேரத்தில் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். விலாசம் கேட்டேன். தரவில்லை. திருட்டுச் சாமான் வாங்கியதாகக் கேஸ் போடுவேன் என்றேன்.

"உங்க மருமகனே வந்து கொடுத்தாரு பெரியவரே. வீட்டுச் சண்டையைக் கடைக்குக் கொண்டுவராதீங்க" என்றார் கடைக்காரர்.

அந்த வேன்காரருக்கு என்ன தெரியும்? அது மடியில் வைத்து மீட்டுகிற கிட்டார் இல்லை. மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். பத்துத் தந்தி. கீழே மிதிகள், முட்டிக்கு இரண்டு பக்கமும் லீவர்கள், இடது கையில் இரும்பு உருளை. நானும் பழையதாகத்தான் வாங்கினேன், ஒரு மிதிகூட வேலை செய்யாத நிலையில். சொல்லித்தர ஆள் கிடையாது. லேத் பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும் கம்பிகளை நானே கடைந்து போட்டேன். மிதிகளின் வரிசை ஊருக்கெல்லாம் ஒன்று, எனக்கு ஒன்று. மிதித்துப் பார்க்கட்டும். வாலை மிதித்த பூனை மாதிரிதான் கத்தும்.

இதை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷமாகத் தூங்கினேன்.

அக்டோபர் 9

கடைக்காரருக்கு போன் செய்து, கிட்டாரில் கரையான் இருக்கிறது, உடனே திருப்பி வாங்கிவிடுங்கள் என்றேன். பொய்தான்.

"இரும்பைத் திங்கிற கரையானா? அதையும் கொண்டுவாங்க, நல்ல விலைக்குப் போகும்."

அக்டோபர் 12

காலையிலிருந்து மழை. குளியலறைப் பக்கம் போனேன். வாசலில் கறுப்பு ரப்பர் விரிப்பு.

"இது எங்க கெடந்தது?"

"உங்க ரூம்லதாம்பா, கிட்டாருக்கு அடியில. அழுக்கா இருக்குன்னு அவர் கொடுக்காம வச்சிட்டாரு. உங்க காலு வழுக்காம இருக்கட்டும்னு போட்டேன்."

அதன்மேலேயே நின்றுவிட்டேன்.

அந்த ஆம்புக்கு எர்த் கிடையாது. ஒரே ரீங்காரமாக இருக்கிறதென்று பிளக்கில் எர்த் ஒயரை நான்தான் வெட்டினேன். வெட்டியதும் ரீங்காரம் நின்றது. படித்தவன் எவனுக்கும் தோன்றாதது என்று பெருமைகூடப் பட்டேன். ஆனால் பழைய ஆம்ப், உள்ளே கசியும். கசிகிற கரண்ட் தந்திக்கு வரும், தந்தியிலிருந்து உருளைக்கு, உருளையிலிருந்து கைக்கு. அதற்குத்தான் பட்டறையிலிருந்து அந்தத் தடித்த விரிப்பு. முக்காலி, மிதி, என் கால் எல்லாம் அதன்மேல். பக்கத்தில் தொடுவதற்கு இரும்பென்று எதையும் வைக்கமாட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு எதுவும் ஆனதில்லை. தப்பு செய்தேன் என்று நான் சொல்லமாட்டேன். விரிப்போடு சேர்த்துப் பார்த்தால் அது சரியான வேலை.

விரிப்பு இங்கே இருக்கிறது.

அந்த மனுஷன் பாடுகிறவர். மைக் வேறொரு பெட்டியில் இருக்கும், அதற்கு எர்த் இருக்கும். கரண்ட் ஆள் வழியாகத்தான் அங்கே போகும். கை தந்தியில், உதடு மைக்கில் — ஐயோ, யார்கிட்ட போய்ச் சொல்வேன்? யார் நம்புவாங்க?

அக்டோபர் 13

யாரும் நம்பவில்லை.

"மாமா, அன்னிக்குக் கரையான், இன்னிக்குக் கரண்டா?" என்றான் மருமகன்.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "அடுத்தது என்ன பெரியவரே, பேயா?" சிரித்து முடித்தவர், "அவரு சந்தோஷமாத்தான் இருக்காரு. முந்தாநாள்கூட வந்தாரு. தந்தியைத் தொட்டா சுருக் சுருக்குங்குதுன்னாரு. துருவா இருக்கும், புதுத் தந்தி போடுங்கன்னு கொடுத்தனுப்பினேன். நாளைக்குச் சாயங்காலம் மைதானத்துல கச்சேரியாம்" என்றார்.

சுருக்.

வெளியே இன்னும் மழை.

அக்டோபர் 14

காலையில் மருமகன் முன்னால் போய் நின்று சொன்னேன். "மாப்பிள்ளை, எனக்குக் கிட்டார் வேண்டாம். அது அவருக்கே இருக்கட்டும். எர்த் மட்டும் போட்டுக்கொடுத்துட்டு வந்துடலாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

கடை ஏனோ இன்று பூட்டியிருந்தது. போனும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கேட்டுக்கொண்டு போனோம். ஒன்றில் காவலாளி வேன்காரரின் வீட்டைச் சொன்னார். வீடு பூட்டியிருந்தது. ஒத்திகைக்கு மத்தியானமே போயாச்சு என்றார் எதிர்வீட்டுக்காரர். மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிறையப் பேர் நின்றார்கள். பாட்டுச் சத்தம் இல்லை.

அக்டோபர் 15

வேன்காரருக்கு உயிர் இருக்கிறது.

ஈரப் புல்மேல் வெறுங்காலோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறார். முதல் அடியைப் பாட வாயை மைக்கிடம் கொண்டுபோனவர் அப்படியே விறைத்துவிட்டாராம். உருளையைப் பிடித்த கை விடவில்லை. விளையாடுகிறார் என்று டிரம்ஸ்காரர் சிரித்திருக்கிறார். சவுண்ட் பார்க்கிறவர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தது. உதடும் நாக்கும் வெந்துவிட்டன. இடது கையில் மூன்று விரலும் அப்படித்தான். பேச்சு இல்லை.

வார்டு வாசலில் அவர் மனைவி, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றார் மாப்பிள்ளை. நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 18

கடைக்காரர் தானாகவே போன் செய்தார்.

"உங்க அதிர்ஷ்டம் பெரியவரே. அந்தம்மா எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. கண்ணால பாக்கப் பிடிக்கலையாம். கிட்டார் உங்களுக்குத்தான், வந்து எடுத்துக்குங்க. மைதானத்து ஒயரிங் கோளாறுன்னு பேசி முடிச்சாச்சு. நீங்களும் எதையும் கிளறாதீங்க."

"ஆம்ப்?"

"அதை ஒருத்தர் பாத்துட்டுப் போனாரு. நாளைக்குக் காலைல எடுத்துக்குவாரு."

கடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "விட்டுடுங்க மாமா. போலீஸ் வீட்டுக்கு வரும்." மகள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை.

அக்டோபர் 19, கடைக்குக் கிளம்புமுன்

மாப்பிள்ளை காரை எடுக்க வேண்டும். மாட்டேனென்றால் ஆட்டோ.

கடை திறக்கும்போது வாசலில் நான் இருக்க வேண்டும். கடைக்காரர் ஆம்பை யாருக்கும் தரக்கூடாது. தந்தால், வாங்க வந்தவரிடம் நானே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

தெருமுனை எலக்ட்ரீஷியன், ஃபியூஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பையன், கடைக்கு வந்து பிளக்கைக் கழற்றி, வெட்டின ஒயரைக் கடைக்காரருக்குக் காட்ட வேண்டும். யார் வெட்டியது என்று நான் சொல்ல வேண்டும்.

கிட்டாரைக் கடைக்காரர் எனக்கும் விற்கக்கூடாது. அது வேன்காரருடையது. வேண்டும், வேண்டாம் என்பதை அவருக்குப் பேச்சு வந்த பிறகு அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை கடையில் ஒரு ஓரமாக நிற்கட்டும்.

மகள் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கக்கூடாது.

பிறகு ஆஸ்பத்திரி. அவர் மனைவியிடம் நான் யாரென்று நான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கீழேயே நிற்க வேண்டும்.