முப்பதாம் லெவல்

ஜூலை 8, செவ்வாய்
தூறல். துணி காயவில்லை. பேத்தி ஷாலினிக்குக் காலையிலிருந்து மூக்கில் ரத்தம். பதினாலு வயசு. மாதவிலக்கு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. இப்போது முட்டியும் வீக்கம்.
ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டரில் எட்டாம் நம்பருக்குத்தான் ஆஸ்பத்திரியில் இலவச ஊசி. இவள் ரத்தத்தில் குறைவது ஏழாம் நம்பர். மருந்து கொடுக்கிறவன் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது: “பொம்பள புள்ளைக்கு இந்த நோவு வராதும்மா.” வராததுதான் தலையணையை நனைக்கிறதா? இடது கன்னத்தில் மரு அவனுக்கு. மறக்க மாட்டேன்.
நாளை ராபர்ட்சன்பேட்டைக்கு டிரஸ்ட்காரர்கள் வருகிறார்கள். ஊசி, முட்டிப் பயிற்சி, பல் டாக்டர், பெண் டாக்டர், எல்லாச் செலவும் ஏற்பார்களாம். ரொம்ப மோசமானவர்களுக்குத்தான் முதலில்.
வாங்க வேண்டியது: பஞ்சு, ஐஸ், உளுந்து.

ஜூலை 9, புதன்
மாப்பிள்ளை சேகர் வந்தான். (இனி சே. முழுப்பேர் எழுத மை வீண்.) ரிப்போர்ட்டைப் பெங்களூர் கம்பெனி மேசையில் மறந்து வந்தானாம். டிரஸ்ட்காரர்கள் முன்னால் என்னை வாய் திறக்க விடவில்லை. டிரஸ்ட் அம்மா, ஃபேக்டர் லெவல் எவ்வளவு என்று கேட்டாள். சே. நெஞ்சை நிமிர்த்தி, “முப்பது மேடம்” என்றான்.
“அப்ப மைல்டுதான். அடுத்த வருஷம் பாக்கலாம்.”
டாக்டர் சொன்னது ரெண்டு. வழியில் பிடித்துக் கேட்டேன்.
“ரெண்டாம் லெவல்னா மேலயே கீதுன்னு நெனப்பாங்க அத்த. முப்பதுன்னா ஆழம், பயப்படுவாங்கன்னு கொஞ்சம் ஏத்தி சொன்னேன்.”
எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் கீழே போகப்போக லெவல் நம்பர் ஏறும். ரத்தத்தில் நம்பர் இறங்க இறங்கத்தான் ஆபத்து. டாக்டர் இதைச் சொன்னபோது இவன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் என் தம்பிக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டவன்தானே.

ஜூலை 10, வியாழன்
அவர் நல்லதுக்குத்தான் சொன்னார் என்கிறாள் என் மகள். அவளோடும் பேச்சு இல்லை. சோறு குழைந்துவிட்டது.
ஷாலினி சுவரைப் பிடித்து நடக்கிறாள். “ஆயா, அப்பா என்ன முப்பதாம் லெவல்ல எறக்கிட்டாரு. மேல ஏறி வர கேஜ் அனுப்பு.” அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி
வெயில். சே.யை ரிப்போர்ட்டோடு இழுத்துப் போனேன். டிரஸ்ட் அம்மா படித்தாள். முகம் மாறியது. ஏன் பொய் சொன்னீர்கள் என்றாள். பொய் இல்லை, புத்தி இல்லை என்றேன்.
கடைசி இடத்தை நேற்றுப் பக்கத்துப் பாலகாட்டுச் சுரங்க லைன் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்களாம். தாய் அங்கேயே பெஞ்சில் இருந்தாள், மடியில் குழந்தை, தொடையெல்லாம் ரத்தம் கட்டி நீலம்.
“அவங்க பேர எடுத்தாத்தான் பாட்டி உங்க பேர போட முடியும். நீங்களே சொல்லுங்க.”
என் கையில் கத்தியைக் கொடுக்கிறாள், படித்தவள்.
“நான் சொல்ல மாட்டேன். எடுக்கணும்னா அவ மூஞ்சியப் பாத்து நீ சொல்லு.”
டிரஸ்ட் அம்மா தலை குனிந்தது. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
பாலகாட்டுக்காரி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். அவள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உட்கார்ந்தேன். குழந்தை என் வளையலைப் பிடித்தது; பட்டால் நீலமாகும் என்று கழற்றி வைத்தேன்.
மேலிடத்தில் இன்னொரு இடம் கேட்டுத் திங்கள் சொல்வார்களாம். நானும் பாலகாட்டுக்காரியும் ஒன்றாகத்தான் போகிறோம். சே. வரத் தேவையில்லை.