குளத்துப் பக்க ஜன்னல்

டாலிகஞ்ச், கொல்கத்தா
ஆவணிக் கடைசி ஞாயிறு

சௌபாக்யவதி ஸ்னேகாவுக்கு அப்பாவோட ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வந்தா முரண்டு பிடிக்கிறது. எடின்பரோவில நீயும் மாப்பிள்ளை சந்தீப்பும் குழந்தை சுபிக்ஷாவும் நன்னா இருக்கேளா? போன்ல சொல்லாம ஏன் தபால்னு கேப்பே. போன்ல நான் வாயைத் திறந்தாலே உங்கம்மா பின்னாலேர்ந்து திருத்தம் சொல்லுவா, இதை முழுசா சொல்லியாகணும்.

நவராத்திரிக்கு வந்தா நீங்க தங்கப்போற அந்தக் கீழ்த்தள ரூமைப் பத்தித்தான். ஜன்னலைத் தள்ளினா காம்ப்ளெக்ஸ் நீச்சல்குளம், நடுவில வேலிகூடக் கிடையாது. பழைய ஜன்னல் முழங்கால் உயரத்திலேயே ஆரம்பிக்கிறது. குழந்தை தண்ணியைக் கண்டா விடமாட்டேங்கறான்னு நீ சொன்ன அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. வெளியில கிரில் போடறேன்னா செக்ரெட்டரி பாபு பில்டிங் அழகு கெட்டுடும்ங்கறார். அழகாம் அழகு! குளத்தைப் படம் பிடிச்சு ஃபிளாட் விக்கறச்சே நம்ம கம்பி குறுக்கே தெரியும்னு பயமா இருக்கும், வேறென்ன.

சரின்னு பெஹாலாவிலேர்ந்து ஜன்னல் கடை ரஞ்சன் பாபுவை வரவழைச்சேன். அவர் உள்ளே வந்த வேகத்தில, மொத்தமா கண்ணாடி போட்டு அடைச்சுட்டு ஏசி வெச்சுக்கோங்கோ மேஷோமஷாய்ங்கறார், மாமான்னு மரியாதை வேற. ஏசி விக்கறவன் இவருக்கு மச்சானான்னு எனக்கு அப்பவே சந்தேகம். குளோரின் வாடையும் ஈரமும் வெளியே போக வழியில்லேன்னா சுவரெல்லாம் பூஞ்சை பூக்கும், சுபிக்ஷாவுக்கோ லேசில இழுப்பு வந்துடறது. காத்தும் வரணும், குழந்தையும் விழக்கூடாது. கடைசியில கீழ்ப்பாதி திறக்கவே முடியாத கெட்டிக் கண்ணாடி, மேல்பாதி மட்டும் வெளிப்பக்கம் திறக்கற கதவு, அதுவும் நாலு விரல் அகலத்துக்கு மேல போகாம ஒரு தடுப்புன்னு முடிவாச்சு. கண்ணாடி உடைஞ்சாலும் கத்தி மாதிரி தெறிக்காம பொடியா உதிர்ற ரகம், மூலையில முத்திரை இருக்கணும். இருக்குன்னு சத்தியம் பண்ணினார் ரஞ்சன் பாபு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா ஒண்ணுத்தில இல்லவே இல்லை, திருப்பி அனுப்பிட்டேன். தடுப்பைப் பிடிச்சு என் உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு இழுத்தேன், பிளாஸ்டிக், கையோட வந்துடுத்து! அப்புறம் ஸ்டீல்ல மாட்டினார். மேஷோமஷாய் போலீஸ்ல இருந்தாரான்னு உங்கம்மாகிட்ட கேட்டாராம். இல்லை, பாங்க்ல லோன் குடுக்கற சீட்ல இருந்தார்னாளாம் இவ. ரெண்டு பேருமா சிரிச்சிருக்கா.

தொடைக்கறதுக்காக அந்தத் தடுப்பை விடுவிக்க ஒரு சாவி உண்டு. அதை ஜன்னல் பக்கத்திலேயே, நானே எம்பி எடுக்கற உயரத்தில ஆணியடிச்சு மாட்டினேன். இனிமே எவன் வந்தாலும் பாத்துக்கலாம்னு இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை லேக் மார்க்கெட் போய் வாழைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிண்டு ஆத்துக்குள்ள வரேன், உங்கம்மா லாஃப்ட்லேர்ந்து கொலுப்படியை இறக்கி, பெயின்ட் அடிக்கணும்னு கோத்து நிறுத்தி வெச்சிருக்கா. எங்கே? அதே ரூம்ல, கிழக்குப் பாத்து, வருஷா வருஷம் வெக்கற அதே ஜன்னல் சுவர்ல சாத்தி. அவளே படியில ஏறி நின்னுண்டிருக்கா. சாவி அவ கையில. ஜன்னல் ஆன்னு திறந்திருக்கு. ஏன்னா, ஜன்னல் தொடைக்க இந்த வருஷம் ஸ்டூலே வேண்டாம், எல்லாம் எட்டறதுன்னு சந்தோஷமா சொல்றா.

செக்ரெட்டரியைச் சந்தேகப்பட்டேன், ரஞ்சன் பாபுவைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியை, ஆணியை எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். நம்மாத்துக் கொலுப்படி மேல ஒரு சந்தேகம் வந்ததா? மேல்படி பொம்மையை எடுக்க ஏறாத குழந்தை உண்டா, நீயே ஏறினவதானே. மேல்படிக்குப் போனா சாவி, அதுக்கு அந்தண்டை தண்ணி. வழியை நானும் உங்கம்மாவுமா சேர்ந்துன்னா போட்டு வெச்சிருக்கோம்! சொன்னதும் அவ அப்படியே படியில உக்காந்துட்டா. எதுக்கும் எதிர்வாதம் பண்றவ, தானே கொலுவை ஹாலுக்கு மாத்திட்டா, டிவி எங்க பெட்ரூமுக்குப் போச்சு. ஆணியைப் பிடுங்கியாச்சு. சாவி இப்போ என் பூணூல்ல தொங்கறது, குளிக்கறச்சேகூட.

குழந்தையோட இழுப்பு மருந்தைக் கைப்பையிலேயே வெச்சுக்கோ, பெட்டியில போட்டுடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். மூணு பேரும் நீண்ட ஆயுசோட, குறையில்லாம இருங்கோ. ஒண்ணு மறக்காதே. உள்ளே வந்ததும் பெட்டியைக் கீழே வெக்கறதுக்கு முன்னாடி அந்த ஜன்னலை உன் கையாலேயே இழுத்துப் பாரு, ரூமைச் சுத்திப் பாரு. அப்பா பாத்துட்டார்னு மட்டும் இருந்துடாதே. அப்பா பாத்த லட்சணம் மேலே எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கம்மா வாயால சந்தேகப் பிராணின்னு பேர் வாங்கின
அப்பா பட்டாபிராமன்