நீங்கள் சொல்லாமல் விட்ட தீர்ப்பு

என் அன்பான அப்பா,

உங்களிடம் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் இல்லை. அதனால் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

போன வாரம் மெல்பேர்ணில் பெடரல் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். விளம்பரத்தில் சொன்ன அளவு தண்ணீர் இறைக்காத ஒரு பம்பைப் பற்றிய வழக்கு. அதைச் சோதித்த இஞ்சினியர் நான். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பேசவே விடவில்லை. வாய் திறந்தால் அடுத்த கேள்வி.

அப்போது நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றார்.

அப்பா, அது உங்கள் வசனம். யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து, இங்கே டண்டினொங் கிடங்கில் சாமான் எண்ணியபோதும் நீங்கள் விடாத வசனம். ஞாயிறு மத்தியானம் குசினியில், சாப்பாட்டு மேசையில் எங்கள் சண்டைகளை விசாரிப்பீர்கள். ஆளுக்கொரு முறை. என் முறையில் தங்கச்சி வாசுகி குறுக்கிடமாட்டாள். அவள் முறையில் நான் சும்மா இருந்ததில்லை. "அவள் சொல்லி முடிக்கட்டும், தம்பி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்?

கடைசி ஞாயிறு நினைவிருக்கிறதா? வாசுகி சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். நீதிபதியாக வரவேணும் என்றாள். நான் கணக்குப் போட்டேன். சட்டப் படிப்பு, பிறகு ஒரு நீதிபதிக்கு உதவியாள், பிறகு இருபது வருஷம் வக்கீல். அதற்குப் பிறகும் அரசாங்கம் கூப்பிட்டால்தான் உண்டு. விண்ணப்பம் போட்டால் மட்டும் கிடைத்துவிடாது.

"றோட்டே இல்லாத ஊருக்கு கார் வாங்கிறாய்" என்றேன்.

"இருபது வருஷம் எண்டு எனக்கும் தெரியும் அண்ணா, ஆனால்..." என்றாள். நான் விடவில்லை.

"இண்டைக்கு இவ்வளவு காணும். வாற ஞாயிறு அவள் முடிக்கட்டும், பிறகு தீர்ப்புச் சொல்லுறன்" என்றீர்கள். வியாழக்கிழமை கிடங்கிலேயே உங்கள் இருதயம் நின்றுவிட்டது. அந்த ஞாயிறு வரவேயில்லை.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சட்டம் படிக்க இடம் தந்த பல்கலைக்கழகக் கடிதத்துக்குப் பதில் போடக் கடைசி நாள் நெருங்கியபோதும் வாய் திறக்கவில்லை.

கோர்ட்டில், நீதிபதிக்குக் கீழே ஓர் இளம்பெண் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். அன்று நான் கணக்கில் சேர்த்த அந்த உதவியாள். ரயிலில் வரும் வழியெல்லாம் அந்த இடத்தில் வாசுகியின் முகம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அண்டைக்கு 'ஆனால்' எண்டியே, அதுக்குப் பிறகு என்ன?"

"நாலு மாசம் கழிச்சோ கேக்கிறியள்? கோர்ட்டிலை ஆரும் மண்டையிலை அடிச்சவையே?"

"ஓம். சொல்லு."

"ஆனால், கதிரைக்கு ஆசைப்பட்டு இல்லை அண்ணா. இந்த வீட்டிலை நான் கதைக்கேக்கை காது குடுத்தது அப்பா ஒராள்தான். வெளியிலை அப்படி ஒருத்தரும் இல்லாத ஆக்கள் எத்தினை பேர்?"

மறுநாள் காலை அவளைத் தபாற்கந்தோருக்குக் கூட்டிப் போனேன். சம்மதக் கடிதத்தை அவளே போட்டாள்.

நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள், அப்பா? உங்கள் குரலில் ஒருமுறை கேட்கவேண்டும்போல் இருக்கிறது. எனக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு விசாரணை தொடரும். அவள் முறை வந்தால், அவள் முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் மூத்தவன்,
வாசுகியின் அண்ணன்