தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி

மார்ச் 3
இன்றும் பதினொரு தோல்முட்டை. ஓடே இல்லை, தொட்டால் தொளதொளவென்று இருக்கிறது. கொட்டகை அண்ணனுடையது, கோழிகள் நூற்றிருபதும் என்னுடையவை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "ரெண்டு மாசமா இதே கதைதான். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கறிக்கடைக்காரர் வர்றாரு. எல்லாத்தையும் ஏத்திவிட்டுடலாம்."

"என் கோழி மேல கை வைக்கச் சொல்லு, பார்ப்போம்" என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

மார்ச் 4
சுண்ணாம்புச் சத்துதான் குறை, வேறொன்றுமில்லை. ஆனால் தினமும் காலையில் தீவனத்தோடு சுண்ணாம்புக்கல் பொடி கலந்துதானே போடுகிறேன்? பிறகு ஏன்?

மார்ச் 6
அட மண்டூகமே!

கழுவலாமென்று தீவனத் தொட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளைப் பொடி, கெட்டியாகப் படிந்து கிடக்கிறது. மகாராணிகள் சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கிறார்கள். இரண்டு மாதமாக நான் சத்து ஊட்டியது தொட்டிக்கு! தப்பு முழுக்க என்னுடையது. அண்ணனிடம் சொல்வேனா? மூச்சு விட மாட்டேன்.

கால்நடை மருத்துவரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "பொடி வேணாம்மா. கிளிஞ்சலை மிளகு அளவுக்கு உடைச்சு, சாயங்காலம் தனித் தட்டுல வைங்க. ஓடு கட்டுறது ராத்திரியில. அப்போ அது வயித்துல இருக்கணும். வேணுங்கிறதை அதுங்களே கொத்திக்கும்."

மார்ச் 7
கிளிஞ்சலைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் உடைத்தேன். அண்ணி எட்டிப் பார்த்தாள். "போகப்போற கோழிக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"போகாது அண்ணி."

மார்ச் 9
தட்டு காலி. ஆனாலும் ஒன்பது தோல்முட்டை. இருக்கட்டும், நான் விடுவதாயில்லை.

மார்ச் 12
நான்கு!

மார்ச் 14
நாளைக்குக் கறிக்கடை வண்டி வரும் என்றான் அண்ணன். "வரட்டும். கொட்டகை வாசல்ல உக்காந்திருப்பேன். முதல்ல என்னைத் தூக்கி ஏத்து" என்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்லா இருக்கிற கோழியை வெட்டக் கொடுக்க இவனுக்கு எப்படி மனசு வருது?

மார்ச் 15, ஞாயிறு
காலையில் தோல்முட்டை ஒன்றுகூட இல்லை. கூடையை அடுப்படியில் அண்ணன் முன்னால் வைத்தேன்.

அண்ணன் ஒன்றை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினான். உடையவில்லை. மறுபடி தட்டினான். "என்னது இது, கல்லா?" மூன்றாவது தட்டில்தான் உடைந்தது. வெளியே போய் ஃபோனில் பேசினான். "இன்னைக்கு வண்டி வேணாங்க... இல்லங்க, எப்பவுமே வேணாம்."

திரும்பி வந்து, "நீ தீவனத்துல கலக்குற பொடி இப்பதான் வேலை செய்யுதுபோல" என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே" என்றேன். "கொஞ்சம் நாளாகும்."