டிராம் கட்சியும் நீலக் கைக்குட்டையும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில் பின்னி எடுக்கிறது. வரிச்சிக்குடியில் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக இரண்டு கைக்குட்டை வீசி இடம் பிடித்தேன். வெள்ளை எனக்கு, நீலம் என் வகுப்புத் தோழி ஷமீமாவுக்கு. அவள் கோட்டுச்சேரியில்தான் ஏறுவாள். அதுவரை நீலத்துக்கு நானே காவல் தெய்வம்.

பள்ளிப் பட்டிமன்றத் தலைப்பு: ஊருக்கு லாபம் டிராமா, பஸ்ஸா? நான் பஸ் கட்சி, அவள் டிராம் கட்சி. அவள் ஏறி உட்கார்ந்ததும், "டிராமா போடுறவ நானு, டிராம் ஒனக்கா?" என்றேன். சிரிக்கவில்லை. காதோடு சொன்னாள்:

"வாப்பா பிரான்சுலேருந்து விசா பேப்பர் அனுப்பிட்டாங்கடி. அடுத்த வெள்ளி உம்மாவும் நானும் போறோம். ஹஸீனாவுக்கு மட்டும் இன்னும் வரல. அவ மாமா வீட்டுல இருப்பா. அவளுக்கே தெரியாது, உம்மா பக்குவமா சொல்லணும்னு இருக்காங்க. வாயத் தொறந்துடாத."

ஹஸீனா அவள் தங்கை. எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு.

பிறகு கணக்கு டெஸ்ட். என்ன எழுதினேன், தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

காற்றே இல்லை. பஸ் கட்சிக்குக் குறிப்பு:

- டிராமுக்குத் தண்டவாளம், மேலே கம்பி, எல்லாம் செலவு. பேரிலேயே 'தண்டம்' இருக்கிறது.
- மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழமெல்லாம் கம்பியில் தொங்கும்.
- குறுக்கே மாடு படுத்தால் டிராம் சுற்றிப் போகாது.
- பஸ், கை காட்டினால் எங்கேயும் நிற்கும்.

கண்டக்டர் அண்ணனிடம் கருத்துக் கேட்டேன். "டிராம் வந்தாலும் ஒன்ன மாதிரி வாலுங்க ஏறுமில்ல, மேய்க்க ஆளு வேணும்." போன வாரம் அவர் டீ குடிக்கும்போது விசிலடித்து பஸ்ஸைக் கிளப்பியது நான்தான். மறக்கமாட்டார்.

ஜூலை 10, வியாழன்

பட்டிமன்றம். ஷமீமா பேசினாள்: "மொதல்ல செலவு பெருசுதான். ஆனா ஒரு டிராம்ல ரெண்டு பஸ் கூட்டம் போகும், பல வருஷம் உழைக்கும். பஸ் ரூட்ட ஒரே நாள்ல மாத்திடலாம். தண்டவாளம் போட்டா, நாளைக்கும் இந்த வழியா வண்டி வரும்னு நம்பி கடை வைக்கலாம், வீடு கட்டலாம். காசு அந்த நம்பிக்கைக்குத்தான்."

பலத்த கைதட்டல். எனக்கு எரிந்தது. என் மாம்பழத்துக்குப் பாதிச் சிரிப்புதான். வாய் தானாகத் திறந்தது.

"தண்டவாளத்த விட்டு நகரமாட்டேங்குறாங்க ஷமீமா. ஊர விட்டே நகரப்போறவங்க! அடுத்த வாரம் பிரான்சுல டிராம் ஏறுறவங்களுக்கு நம்ம ஊரு காசுல ஒத்திகை எதுக்கு?"

மண்டபமே சிரித்தது. ஆறாம் வகுப்பு வரிசையில் ஹஸீனா எழுந்து நின்றாள். முகமெல்லாம் பல். "அக்கா, நாம பிரான்சு போறோமா?"

ஷமீமா மேடையிலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் பரிசு எனக்கு. பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்.

ஜூலை 11, வெள்ளி

நீலக் கைக்குட்டை பள்ளி வரை தனியாக வந்தது. அவள் ஆட்டோவில் வந்தாளாம். வகுப்பில் பெஞ்சு மாறிவிட்டாள்.

சாயங்காலம் அவள் வீடு. உம்மாதான் கதவைத் திறந்தார்.

"சின்னவ நேத்துலேருந்து சாப்புடலம்மா. 'என்னைய ஏன் விட்டுட்டுப் போறீங்க'ன்னு அதே கேள்வி. பெரியவ ஒன் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுறா. அப்பறமா வா."

திட்டியிருந்தால் தேவலை. தண்டம் நான்தான்.

ஜூலை 14, திங்கள்

பேசினால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன் என்று பயம். நாளெல்லாம் பேசவில்லை. "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்றார் கண்டக்டர் அண்ணன்.

டிராம் பற்றி அவள் சொன்னதுதான் சரி. அன்றே மேடையில் தெரிந்தது. தெரிந்துதான் பேசினேன்.

ஜூலை 17, வியாழன்

தூறல். நாளை அவளுக்கு விமானம். இன்று டி.சி. வாங்க வந்தே ஆகவேண்டும். நாலு நாளாக ஆட்டோதான், ஆனாலும் கடைசி நாளில்லையா.

பஸ்ஸில் நல்ல கூட்டம். இரண்டு கைக்குட்டையும் வீசினேன். மீன் கூடையோடு நின்ற அக்கா கேட்டார், "ஆள் வருதா பாப்பா?"

"வருதுக்கா."

கோட்டுச்சேரி நிறுத்தம். கண்டக்டர் அண்ணன் படியில் தொங்கி எட்டிப் பார்த்தார். "யாரும் கை காட்டல. போலாம் ரைட்!"

பஸ் நிற்கவில்லை.

எழுந்து என் இடத்தை மீன்கார அக்காவுக்குக் கொடுத்தேன். நீலக் கைக்குட்டை கிடந்த இடம் அப்படியே.