அடுத்த பிராசஸருக்குச் சொல்லாத செய்தி

பெஹாலா, கல்கத்தா
12-2-1987

அன்புள்ள சௌந்தரம் அக்காவுக்கு, தம்பி வேலாயுதம் எழுதிக்கொண்டது. நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அம்மாவின் காரியம் முடிந்து ஹௌராவில் வந்து இறங்கியதிலிருந்து அந்த வார்த்தையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கார மாஷிமா தினமும் மீன் இல்லாமல் சமைத்து அனுப்புகிறார். ஆபீசுக்குப் போகிறேன். நான் செய்த செஸ் ஆடும் மெஷின் போட்டியில் ஜெயித்ததற்காக எல்லோரும் கை குலுக்குகிறார்கள். போங்கடா என்று இருக்கிறது.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படி. அதன் மூளை மாதிரியான பழைய எட்டு பிட் பிராசஸர் ஒரு காயை நகர்த்துவதற்குள் நான் டீ குடித்துவிட்டே வந்துவிடுவேன். பதினாறு பிட்டுக்கு மாற்றினேன். டீக்கு எழுந்திருக்கும் முன்னே பதில் வந்தது. அதுவும் போதவில்லை. துர்கா பூஜைக்கு இங்கே வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, ஒன்று திணறினால் இரண்டாக வையேன்டா, நானும் உன் அக்காவும் சேர்ந்து முறுக்குச் சுற்றுவதில்லையா என்றாள். செஸ்ஸே தெரியாத மனுஷி! அப்படியே இரண்டு வைத்து, வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். வேகம் இரட்டிக்கவில்லை. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. ஒரு பிராசஸர் நல்ல வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது, அடுத்ததற்குச் சொல்வதில்லை. அது பாவம், இனி தேறாத வழிகளையே தோண்டிக்கொண்டிருக்கிறது. கண்டதை உடனே சொல்லும்படி மாற்றி எழுதினேன். அப்புறம்தான் பறந்தது.

எனக்கு நீங்கள் அதைத்தானே செய்தீர்கள் அக்கா? அம்மாவுக்குப் புற்றுநோய் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். போட்டி முடியும்வரை அவனிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவே சத்தியம் வாங்கினாளாம். அவள்தான் கேட்டாள் என்றால் உன் புத்தி எங்கே போயிற்று? அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே, மாடி ஏற மூச்சு வாங்குகிறதே என்று, அவளுக்காகக் கீழ்த்தளத்தில் வீடு தேடி டாலிகஞ்ச் முழுக்க அலைந்துகொண்டிருந்தேன். நிச்சயமாக அடுத்த பூஜைக்கும் வருவாள் என்று நம்பினேன். தந்தியைப் பார்த்துக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து சேர்ந்தபோது அப்பாவே கொள்ளி வைத்து, எலும்பும் பொறுக்கி முடித்திருந்தீர்கள். முகம்கூடப் பார்க்கவில்லையே அக்கா.

நேற்று உன் கடிதம் வந்தது. அப்பா நலம், வீண் கவலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எப்போதும் அடியில் அவர் தன் கையால் ஒரு வரி எழுதுவார். இந்த முறை அது இல்லை. ஏன் இல்லை? காய்ச்சலா, கையில் வலியா, வேறு ஏதாவதா? மாமாவாவது விவரம் எழுதியிருக்கலாம்.

உன் காலில் விழுகிறேன். எதுவானாலும் தந்தி அடி. நான் தாங்கமாட்டேன் என்று நீயே முடிவு கட்டாதே. பெட்டியைக் கட்டியே வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லை என்றால், அடுத்த கடிதத்தின் அடியில் அப்பாவை என் பெயரை மட்டும் எழுதச் சொல். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி,
வேலாயுதம்